யானை பிடித்த ஹாக்கி மட்டை!

பத்து கிரிக்கெட் வீரர்களின் பெயரைக் கேட்டால், மூச்சு விடாமல் சொல்லி விடுவீர்கள். பத்து ஹாக்கி வீரர்களின் பெயரைச் சொல்லுங்கள் பார்க்கலாம்... என்ன, தலையைச் சொறிகிறீர்களா?

ஒலிம்பிக் ஹாக்கியில் நாம் வென்ற தங்கம் மொத்தம் 8! கடைசித் தங்கம் 1980ல், மாஸ்கோவில் கிடைத்தது. அப்புறம் ஏன் ஆர்வம் குறைந்தது?

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி நடந்தது. அதில் பந்து பறக்கும். ஆனால், அந்தத் தரையை அமைக்கச் செலவு அதிகம். மண்ணிலும், புல்லிலும் பழகிய நம் வீரர்கள் திணறினர். 1983ல் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றதும், ரசிகர்களின் கண் அந்தப் பக்கம் திரும்பி விட்டது.

போன ரசிகர்களை எப்படித் திரும்ப அழைப்பது?

2023 ஆகஸ்டில், சென்னை எழும்பூரில் உள்ள மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில், ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி நடந்தது. 2007 ஆசியக் கோப்பைக்குப் பின், 16 ஆண்டுகள் கழித்து சென்னைக்கு வந்த பெரிய ஹாக்கிப் போட்டி இது. இதன் சின்னம், ஒரு யானை! முதுமலையில் தாயை இழந்த யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மனின் பெயரையே அதற்கு வைத்தனர். கோப்பையும் ஊர் ஊராகப் பயணம் போனது.

இதற்கு முன், 2022 செஸ் ஒலிம்பியாடுக்கும் இப்படித்தான் செய்தனர். வேட்டி கட்டிய குதிரை, 'தம்பி' ஞாபகம் இருக்கிறதா? நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் போலக் கறுப்பு, வெள்ளை வண்ணம் அடித்தனர். மயிலாப்பூர், அடையாறிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக பாரிமுனை போனவர்கள் எல்லாம், செஸ் பலகை மேலேயே பயணம் செய்தனர்!

ஆனால், ஒரு வித்தியாசம் இருக்கிறது. தி.நகரில் செஸ் பலகை வாங்கி, வீட்டுத் திண்ணையிலேயே விளையாடலாம். ஹாக்கிக்கு மட்டை வேண்டும், மைதானம் வேண்டும், கூட ஆட நண்பர்களும் வேண்டும்.

விளம்பரம் என்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி. அழகாக இருந்தால், கூட்டம் வரும். பந்தியில் சாப்பாடு நன்றாக இருந்தால்தான், வந்தவர்கள் மனம் நிறையும்.

2023ல் சாப்பாடு பிரமாதம்! மலேசியாவுடன் நடந்த இறுதிப் போட்டியில் 1-3 எனப் பின்தங்கிய இந்தியா, கடைசியில் 4-3 என வென்றது.

2025ல் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும், மதுரையிலும் நடந்தது. அதன் சின்னம், 'காங்கேயன்' காளை. இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. அந்தப் போட்டிக்காக மதுரையில் செயற்கைப் புல்தரையுடன் புதிய அரங்கமும் அமைந்தது. போட்டி முடிந்ததும் காளை கிளம்பி விடும். மைதானம் அங்கேயே இருக்கும். அதுதான் பெரிய லாபம்!

சரி குட்டீஸ், உங்கள் பள்ளியில் ஹாக்கி மட்டை இருக்கிறதா? நாளைக்கு பி.டி. சாரிடம் கேட்டுப் பாருங்களேன்!