பாட்டி எந்த வார்டு?

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் அக்கா மகள். கையில் மூன்று சம்மன். "சித்தி, உங்களுக்குத்தான் பேச வருமே, ஒரு ராயுவான் லெட்டர் எழுதிக் கொடுங்க."

பினாங்கில்தான் படிக்கிறாள், கடைசி ஆண்டு. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், அவள் இன்னும் பட்டம் வாங்கவில்லை. மூன்றுமே வளாகத்துக்குள் கார் நிறுத்தியதற்கு. ஒவ்வொன்றும் 30 வெள்ளி. ஆனால் அவள் பயந்தது 90 வெள்ளிக்காக அல்ல. இன்னொன்று வந்தால் ஸ்டிக்கர் ரத்து என்று சொல்லியிருக்கிறார்கள். ஸ்டிக்கர் போனால் கார் உள்ளே போகாது. கார் இல்லாவிட்டால் வகுப்பு முடிந்து பாலம் தாண்டி பட்டர்வொர்த்தில் டியூஷன் எடுக்கப் போக முடியாது. அறை வாடகையே அந்தப் பணத்தில்தான்.

கடிதம் ஏற்கெனவே மலாயில் எழுதி வைத்திருந்தாள். பாட்டி திடீரென்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதால், பதற்றத்தில் காரைக் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டாளாம். சாப்பாட்டு மேசையில் நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "எந்த வார்டுடீ?" என்றார்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, நடந்ததைச் சொல்லச் சொன்னேன். லாரியிலிருந்து தெறித்த கல்லில் காரின் முன் கண்ணாடி உடைந்திருக்கிறது. பட்டறையில் புதுக் கண்ணாடி மாற்றியபோது பழைய கண்ணாடியோடு ஸ்டிக்கரும் போய்விட்டது. புதியதற்கு அன்றைக்கே விண்ணப்பித்தாள். அது வருவதற்குள் 'ஸ்டிக்கர் இல்லை' என்று இரண்டு சம்மன். பட்டறைத் தவுக்கே கொடுத்த ரசீதில் தேதி இருக்கிறது, விண்ணப்பித்ததற்கு மின்னஞ்சல் இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு இந்தப் பெண் பாட்டியைப் படுக்க வைத்திருக்கிறாள்!

மூன்றாவது? "அது வந்து... லேட்டாயிடுச்சு, விரிவுரையாளர் இடத்துல போட்டுட்டேன்." அதை முறையிடாதே, கட்டிவிடு என்றேன். முகம் சுருங்கியது.

எங்கே முறையிடுவது என்பதில்தான் நம்மில் பலர் குழம்புகிறோம். போலீஸ் சம்மன் வேறு, ஜேபிஜே சம்மன் வேறு. ஜார்ஜ்டவுன் தெருவில் வருவது மாநகர் மன்றத்தின் கம்பவுண்ட், 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைச் சேர்ந்தது. (கூப்பன் சுரண்டிய காலம் போய் 2019-இல் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலி வந்த பிறகும், செயலியில் பழைய காரின் எண்ணுக்குக் காசு கட்டிவிட்டுக் கம்பவுண்ட் வாங்கிய ஆள் நான்.) வளாகத்துக்குள் கிடைப்பது பல்கலைக்கழகத்தின் சொந்த விதிப்படி. மாணவர் ஒழுங்குக்கு விதி வகுக்க அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டமே அதிகாரம் தந்திருக்கிறது. அதனால் போலீசின் மைபாயார் தளத்தில் எவ்வளவு தேடினாலும் இந்தச் சம்மன் வராது. துண்டின் பின்பக்கம் எந்தப் பிரிவு, எத்தனை நாள் என்று போட்டிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

இன்னொன்று, முதலில் கட்டிவிட்டுப் பிறகு பேசலாம் என்று நினைக்காதீர்கள். கம்பவுண்ட் என்பது, இந்தத் தொகையோடு விஷயத்தை முடித்துக்கொள்வோம் என்று அவர்கள் நீட்டும் கை. கட்டினால் கை குலுக்கியதாக அர்த்தம். தள்ளுபடி வரும் என்று காத்திருக்கும் நம் மலேசியப் பழக்கமும் இங்கே உதவாது. நாள் தாண்டினால் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

புதுக் கடிதம் அரைப் பக்கம்தான் வந்தது. மெட்ரிக் எண், கார் எண், சம்மன் எண், தேதி, நடந்தது, இரண்டையும் ரத்து செய்யும்படி ஒரு வரி. அழுகை, 'ஏழை மாணவி', எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். மூன்றாவதைக் கட்டிய ரசீதையும் சேர்த்து வைத்தோம். அது என் யோசனை. தன் தவற்றை ஒத்துக்கொண்டவள் மற்ற இரண்டிலும் பொய் சொல்லமாட்டாள் என்று படிக்கிறவருக்குத் தோன்றட்டுமே.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. முதல் சம்மன் ரத்து. இரண்டாவதற்கு 10 வெள்ளி கட்ட வேண்டும். தற்காலிக அனுமதிச் சீட்டு கேட்டு வாங்கியிருக்கலாமே என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு சீட்டு இருப்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஸ்டிக்கர் தப்பித்தது.

அந்த 10 வெள்ளியை அம்மாதான் கொடுத்தார். "மருத்துவமனைச் செலவுன்னு எழுதிக்கோ" என்றார்.