ஜோடி சேர்த்தால் மட்டும் போதுமா?

ஓய்வு நேரத்திலும் புலனக் குழுக்களிலும் அனிமே ரசிகர்களான மாணவர்கள் ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. ஒருவர் ஒரு கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்வார். அதைப் போன்ற இன்னொருவரை அடுத்தவர் சொல்ல வேண்டும். கோகு என்றால் லூஃபி. நருத்தோ என்றால் காரா. "எஸ்பிஎம் நெருங்கும் நேரத்தில் இது தேவையா?" என்று சுங்கை புரோங்கிலும் தஞ்சோங் காராங்கிலும் பெற்றோர் கேட்கலாம். தேவைதான் என்பேன். ஆனால், பலர் பாதி ஆட்டத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

முதல் பாதி ஒற்றுமையைக் கண்டுபிடிப்பது. அதுவே நல்ல பயிற்சி. அகிரா தொரியாமா 1984-இல் 'டிராகன் பால்' தொடரைத் தொடங்கியபோது, பழைய சீனக் கதையான 'மேற்கு நோக்கிய பயணத்தில்' வரும் குரங்கு வீரனின் பெயரையே ஜப்பானிய உச்சரிப்பில் கோகுவுக்கு வைத்தார். தொரியாமாவைப் படித்து வளர்ந்த எய்ச்சிரோ ஓடா 1997-இல் லூஃபியின் தொடரையும், மசாஷி கிஷிமோட்டோ 1999-இல் நருத்தோவின் தொடரையும் தொடங்கினார்கள். பெருந்தீனி, வெள்ளை மனம், விடாமுயற்சி ஆகியவை மூவருக்கும் பொது. இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததல்ல.

இரண்டாம் பாதிக்குத் தமிழில் பெயரே உண்டு: வேற்றுமை அணி. இரு பொருள்களின் ஒற்றுமையை முதலில் கூறி, பின்பு அவை எங்கே வேறுபடுகின்றன என்று காட்டுவது இந்த அணி. நெருப்பும் சுடும், கடுஞ்சொல்லும் சுடும். நெருப்புப் புண் ஆறும், சொல் தந்த வடு ஆறாது என்று வள்ளுவர் பிரித்துக் காட்டுவதை நீங்கள் படித்திருப்பீர்கள்.

நருத்தோவையும் காராவையும் இப்படிப் பாருங்கள். இருவர் உடலிலும் கொடிய மிருகம் அடைக்கப்பட்டிருக்கிறது. இருவரையும் ஊர் ஒதுக்குகிறது. ஆனால், நருத்தோவுக்கு இருகா என்ற ஆசிரியர் இருந்தார். காரா நம்பியிருந்த தாய்மாமனே, தந்தையின் கட்டளைப்படி அவனைக் கொல்ல வந்தார். ஒருவன் சிரிக்கக் கற்றான். மற்றவன் வெறுக்கக் கற்றான்.

இந்த வரிசையில் நம் கர்ணனையும் நிறுத்தலாம். பிறப்பைக் காட்டி அரங்கில் அவமதிக்கப்பட்டவனுக்கு அங்க நாட்டைத் தந்து அணைத்துக்கொண்டவன் துரியோதனன். அந்த நன்றிக்கடனே கர்ணனைக் குருக்ஷேத்திரத்தில் தவறான பக்கத்தில் நிறுத்தியது. தனிமை மூவருக்கும் ஒன்றுதான். முதலில் கை நீட்டியவர் யார் என்பதில்தான் மூவரின் வாழ்வும் பிரிந்தது.

நமக்கு இது வெறும் கதையல்ல. "தோட்டத்துப் பையன்கள் எல்லாம் ஒரே மாதிரிதான்" என்ற பேச்சைப் புக்கிட் ரோத்தானிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ வளர்ந்தவர்கள் கேட்டிருப்பார்கள். அதுவும் ஜோடி சேர்க்கும் ஆட்டம்தான். வேற்றுமையைப் பார்க்க மறுக்கும் ஆட்டம். வகுப்பின் கடைசி வரிசையில் தனியே உட்கார்ந்திருக்கும் மாணவனை முதலில் "வா தம்பி" என்று அழைப்பவர் ஆசிரியரா, சக மாணவரா, குண்டர் கும்பலின் அண்ணனா? அவனுடைய கதை எந்தப் பக்கம் திரும்பும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

நிறத்தையும் உடல் பருமனையும் வைத்து நண்பனுக்கு அனிமே ஜோடி தேடுவதை விளையாட்டு என்று சொல்ல முடியாது. அது பகடிவதை.

ஆகவே, விளையாடுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எதில் ஒத்துப்போகிறார்கள்? எந்த இடத்தில், யாரால் பிரிகிறார்கள்? இலக்கியத் தேர்விலும் பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரையிலும் இதே கேள்விகள்தான் வரும். காராவும் பின்னாளில் நருத்தோவின் நட்பால் மாறி, தன் ஊருக்கே தலைவனானான். கை நீட்டத் தாமதமாகிவிட்டது என்று யாரையும் கைவிட வேண்டியதில்லை.