சுவரைத் தின்னும் குப்பை

குப்பைமேடு எந்த ஊரில் உயர்ந்தாலும் ஒரே மருந்துதான் எழுதித் தரப்படுகிறது: “எரித்துவிடலாம், மின்சாரமும் கிடைக்கும்.” ஆயிரம் டிகிரி நெருப்புக்கு முன்னால் பிரித்த குப்பையும் பிரிக்காத குப்பையும் ஒன்றுதான் என்று அதிகாரிகள் நம்புகிறார்கள். ஒப்பந்தக்காரர்கள் நம்ப வைக்கிறார்கள். நாற்றம் தாங்காத மக்களும் வேறு வழியின்றி நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது, ஆபத்தானது. இதற்குச் சாட்சி தேடிப் புகைபோக்கி உச்சிவரை ஏற வேண்டாம். உலையின் சுவரில் காற்று நுழையும் துளைகளைப் பார்த்தாலே போதும்.

குப்பை உலைக்குள் காற்று இரண்டு வழிகளில் போகிறது. ஒரு பங்கு, குப்பை எரிந்தபடி நகரும் தட்டுக்கு அடியிலிருந்து வருகிறது. மறுபங்கு சுவரிலுள்ள துளைகள் வழியே தாரைகளாகப் பாய்ந்து, மேலெழும் புகையைக் கலக்குகிறது. புகை குறைந்தது 850 டிகிரி செல்சியஸில் இரண்டு விநாடியாவது இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. டயாக்சின் போன்ற நஞ்சுகளைச் சிதைக்க அந்தச் சூடும் நேரமும் வேண்டும். ஆனால் காற்று சரியாகக் கலக்காவிட்டால், புகையின் ஒரு பகுதி பாதி எரிந்த நிலையிலேயே தப்பிவிடும். துளையின் வாய் சிதைந்தாலோ கசடு படிந்து அடைத்தாலோ தாரை திசைமாறும். அதன் விலையைச் சுற்றியுள்ள ஊர் மூச்சால் கட்ட வேண்டும்.

அந்தத் துளையைக் கெடுப்பது எது? சூடு என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். சுவரில் வரிசையாக ஓடும் குழாய்களுக்குள் நீர் கொதித்துக்கொண்டிருப்பதால், அவற்றின் உலோகம் நெருப்பின் சூட்டுக்கு வெகு கீழேயே இருக்கும். அப்படியிருந்தும் குழாய்கள் அரிக்கப்பட்டு மெலிகின்றன. முதன்மைக் குற்றவாளி குளோரின்.

குளோரின் வருவது நம் வீட்டுக் குப்பையிலிருந்துதான். மிச்சச் சோற்றிலும் ஊறுகாயிலும் உப்பு இருக்கிறது. பிவிசி பிளாஸ்டிக்கின் எடையில் சுமார் 57 விழுக்காடு குளோரின். எரியும்போது அது ஹைட்ரஜன் குளோரைடாகவும், சோடியம், பொட்டாசியம், துத்தநாகம், ஈயம் ஆகியவற்றின் குளோரைடு உப்புகளாகவும் மாறிச் சுவரில் படிகிறது. இந்த உப்புகள் ஒன்றோடொன்று கலக்கும்போது சில கலவைகள் 300 டிகிரிக்கும் கீழேயே உருகி உலோகத்தைக் கரைக்கும். இரும்பின்மேல் படரும் ஆக்சைடு படலம் அதற்குக் கவசம். குளோரின் அந்தப் படலத்தின் விரிசல் வழியே புகுந்து இரும்போடு சேர்கிறது. அப்படி உருவான இரும்புக் குளோரைடு ஆவியாகி வெளியேறி, ஆக்சிஜனைச் சந்தித்ததும் இரும்பை ஆக்சைடாக விட்டுவிடுகிறது. விடுபட்ட குளோரின் மறுபடி உள்ளே போகிறது. சிறிதளவு குளோரினே திரும்பத் திரும்ப வேலை செய்யும். கடலோர வீட்டு ஜன்னல் கம்பியை உப்புக்காற்று தின்பதைப் பார்த்தவர்கள், அதையே பல மடங்கு சூட்டில் எண்ணிப் பார்க்கட்டும்.

சுவர் முழுவதற்கும் உள்ள இந்தத் தொல்லை காற்றுத் துளையைச் சுற்றி இன்னும் கூடுகிறது. துளைக்கு இடம்விடக் குழாய்களை வளைக்க வேண்டும், அங்கே பற்றவைப்பு கூடும். தாரை பாயும் இடத்தில் ஆக்சிஜன் மிகுதி. ஒரு சாண் தள்ளினால் ஆக்சிஜன் பஞ்சம், கார்பன் மோனாக்சைடு. இரண்டும் மாறி மாறித் தாக்கினால் கவசப் படலம் நிலைக்காது. ஈரக்குப்பை வந்தால் தீ தணிகிறது, பிளாஸ்டிக் குவியல் வந்தால் சீறுகிறது. உலை நின்றாலும் நிம்மதி இல்லை. படிந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி, குளிர்ந்த உலோகத்தையும் அரிக்கும்.

“நல்ல உலோகம் போட்டால் சரியாகிவிடும்” என்பது அடுத்த நம்பிக்கை. குழாய்களின்மேல் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த ‘625’ என்ற உலோகக் கலவையைப் பற்றவைத்துப் பூசுகிறார்கள். துளையைச் சுற்றிச் சிலிக்கன் கார்பைடு செங்கல் அடுக்குகிறார்கள். துளையின் முனையைத் தீ முகத்திலிருந்து பின்னுக்கு இழுத்து, தேய்ந்தால் கழற்றி மாற்றும்படி அமைக்கிறார்கள். அதைக் குளிர்விக்க எப்போதும் குறைந்தபட்சக் காற்று ஓடும்படி வைக்கிறார்கள். எல்லாம் தேவையான, மதிக்கத்தக்க பொறியியல். ஆனால் இவை அரிப்பைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. உலோகத்தின் சூடு 400 டிகிரியைத் தாண்டினால் 625 கலவையின் ஆயுளும் குறுகும். சிலிக்கன் கார்பைடும் நீராவியில் மெல்ல ஆக்சைடாகி உப்பி விரிசல் விடும்.

அதனால்தான் குப்பை உலைகள் நீராவியைப் பெரும்பாலும் 400 டிகிரி, 40 பார் அழுத்த அளவோடு நிறுத்திக்கொள்கின்றன. நிலக்கரி நிலையங்கள் 540 டிகிரிக்கும் மேலே போகின்றன. நீராவியின் சூடு குறைந்தால் மின்சாரமும் குறையும். ‘குப்பையிலிருந்து மின்சாரம்’ என்று மேடையில் முழங்குபவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

பிரிக்காத குப்பையை நம்பி ஏமாந்த வரலாறு நம் நாட்டிலேயே இருக்கிறது. டெல்லி திமார்ப்பூரில் 1987ல் டென்மார்க் தொழில்நுட்பத்தோடு நாளுக்கு 300 டன் எரிக்கும் உலை கட்டப்பட்டது. ஈரமும் மண்ணும் நிறைந்த குப்பை எரியாமல், சில வாரங்களிலேயே அது நின்றது. குளோரின் கலந்த பிளாஸ்டிக்கை எரிக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. குப்பையை வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னவை 2016ஆம் ஆண்டு விதிகள். சட்டம் அறிந்ததை நிர்வாகம் மறந்துவிட்டு, மறுபடியும் உலைக்கே ஓடுகிறது. கொடுங்கையூரில் எரியுலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் 2025 மே மாதம் மனிதச் சங்கிலியாய் நின்றார்கள். அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்பது அநியாயம்.

உலையே கூடாது என்று நான் வாதாடவில்லை. எதைப் போட்டாலும் எரியும் என்ற பொய்யை மறுக்கிறேன். உலையின் வடிவமைப்பு வரைபலகையில் தொடங்குவதில்லை, நம் வீட்டுக் குப்பைத்தொட்டியில் தொடங்குகிறது. உங்கள் ஊருக்கு எரியுலைத் திட்டம் வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வரும் குப்பையில் குளோரின் எவ்வளவு? சுவரையும் காற்றுத் துளைகளையும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சோதிப்பார்கள்? அந்தச் செலவை ஒப்பந்தத்தில் யார் தலையில் எழுதியிருக்கிறார்கள்? எழுத்தில் பதில் வரும்வரை சம்மதிக்காதீர்கள்.