கடைமடைக்கும் வரட்டும் கணினி



ஜூன் 12ல் மேட்டூர் அணையைத் திறப்பது நம் டெல்டாவின் வழக்கம். ஆனால், அணை திறந்ததுமே கடைமடையில் இருக்கும் பேராவூரணி வயலுக்குத் தண்ணீர் வந்துவிடாது. வாய்க்கால் தூர் வாரியிருக்க வேண்டும். அதற்கென்று அரசு தனியாகப் பணம் ஒதுக்குகிறது. (தூர் வாரிய லட்சணம் தெரியாதா என்று தாத்தா முணுமுணுப்பார். அது வேறு கதை!)

பள்ளிக்கூடக் கணினியும் இப்படித்தான். 2011 செப்டம்பர் 15ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் 2 மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தரும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. எத்தனையோ கூலித் தொழிலாளர் வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். பின்னர் அரசுப் பள்ளிகளுக்கு 'ஹைடெக் லேப்' வந்தது. பாராட்டத்தான் வேண்டும்.

வாங்கும் பணம் பெரிய செய்தியாகிறது. பழுது பார்க்கும் பணம்? இணையக் கட்டணம்? கணினி சொல்லித்தரும் ஆசிரியர்? 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, நம் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் இல்லாவிட்டால் கணினி வெறும் பெட்டிதானே! பட்ஜெட்டில் இந்தச் செலவுகளுக்கும் தனிக் கணக்கு வேண்டும் என்கிறோம்.

உங்கள் பள்ளியில் எத்தனை கணினிகள் இருக்கின்றன, எத்தனை ஓடுகின்றன? எண்ணிப் பார்த்து எழுதுங்களேன்.