பந்தியும் ஆலோசனையும்

ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் மரபு நம்முடையது. ஆனால், உண்பதில் கூடும் நாம் முடிவெடுப்பதிலும் கூடுகின்றோமா? ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரங்களில் மாணவர் விடுதியும் குடியிருப்போர் சங்கமும் நடத்துவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

சேரன்மாதேவி குருகுலத்தின் வரலாறு நமக்கொரு பாடம். நாட்டுப்பற்றும் தமிழ்ப்பற்றும் மிக்க இளைஞரை உருவாக்க வ.வே.சு. ஐயர் 1922இல் அதனை நிறுவினார். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர இசைந்து, 5,000 ரூபாய் அளித்தது. அங்கே பிராமண மாணவர் இருவர்க்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. பெற்றோர்க்குத் தந்த வாக்கை மீற இயலாதென்றார் ஐயர். பொதுப்பணம் பெறும் நிறுவனத்தில் பந்தி வேறுபாடு கூடாதென்றனர் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும். காந்தியடிகள் முயன்றும் பிளவு ஆறவில்லை. 1925இல் ஐயர் பொறுப்பினின்று விலகினார், அவ்வாண்டிலேயே மறைந்தார். ஆண்டின் இறுதியில் பெரியாரும் காங்கிரசை விட்டு அகன்றார்.

ஐயரின் தியாகத்தை மறுப்பார் இலர். எனினும், வாக்குக் கொடுத்தவர் ஒருவர். அதன் இழிவைச் சுமந்தவர்களோ மற்றச் சிறுவர்கள். நல்லோர் கையிலுள்ள அதிகாரமும் பிறரைக் கேளாது இயங்கினால் புண்படுத்தும். அடுக்களையிலேயே தீர்ந்திருக்க வேண்டிய பூசல், மேடைக்கும் ஏட்டுக்கும் வந்தபின் மானப் பிரச்சினையாகி விடுகிறது.

திருமறையின் 42ஆம் அத்தியாயம் ‘அஷ்ஷூரா’, அதாவது கலந்தாலோசித்தல், என்றே பெயர் பெற்றுள்ளது. ஆகவே, விடுதியின் உணவு விதியாயினும் சங்கத்தின் வரவு செலவாயினும், அதனால் பாதிப்புறுவோரை முதலில் அவையில் அமர்த்துவோம். மூத்தோர் தலைமை ஏற்கட்டும். இளையோர் அச்சமின்றிக் கேட்கட்டும். அப்போதுதான் நம் சஹனின் சமத்துவம் முழுமை பெறும்.