முழங்கால் வழக்கு

சேலத்திலே என் தமக்கை வீட்டில் ஒரு பெரிய வழக்கு. வாதி, தமக்கை, பிரதிவாதி, கல்லூரியில் படிக்கும் அவள் பெண். "ஏற்காடு மலைக்குச் சைக்கிளில் போகிறேன் பேர்வழி என்று முழங்காலைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். சைக்கிளை விற்றுவிடப் போகிறேன்!" என்கிறாள் தாயார். "விற்றால் சாப்பிடவே மாட்டேன்" என்கிறாள் மகள். நடுவர், நான்!

சாட்சியாக வந்தது ஒரு சிறு கருவி. சிநேகிதியிடம் இரவல் வாங்கி மிதிகட்டையில் பூட்டிய பவர் மீட்டர். நாம் மிதிக்கும்போது இரும்பு மயிரிழையளவு வளைகிறது அல்லவா? அந்த வளைவை அளந்து, கால் எத்தனை வாட் வேலை செய்கிறது, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சொல்லிவிடும். ஜெர்மானிய என்ஜினீயர் உல்ரிச் ஷோபரர் 1986-ல் தொடங்கிய எஸ்.ஆர்.எம். கம்பெனி இதில் முன்னோடி. கியரை அது பார்ப்பதில்லை. வேகத்தையும் சுற்றையும் சேர்த்துப் பார்த்தால் கியர் தானே தெரிந்துவிடும்.

கோரிமேடு வரை பெண் ஒழுங்காகத்தான் மிதித்திருக்கிறாள். மலை தொடங்கியதும் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம், 100 வாட், ஆனால் 33 சுற்றுத்தான்! கணக்குப் போட்டேன்: காலின் அழுத்தம் சராசரி 17 கிலோ.

"சின்ன கியர் இருக்கிறதே, போடுவதற்கென்ன?" என்றேன்.

"போட்டால் தோற்ற மாதிரி இருக்கும், மாமா!"

இதுதான் சங்கதி! தமக்கையைக் கேட்டேன்: "அக்கா, கிணற்றில் ஒரே அண்டாவாக இழுப்பாயா, குடம் குடமாக இழுப்பாயா?"

"அண்டாவை இழுத்தால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

கியரும் அவ்வளவுதான், அம்மணிகளே! மேலே வந்து சேரும் தண்ணீர் ஒன்றே. சின்ன கியரில் அதே வேகம், அதே 100 வாட்; சுற்று 66, அழுத்தம் ஏறக்குறைய எட்டரை கிலோ. வேலை குறைவதில்லை, முழங்காலின் பாரம் குறைகிறது. ஏற்றம் வருமுன்பே கியரை மாற்றிவிட வேண்டும். கியரில்லாத சைக்கிளானால் இறங்கித் தள்ளுங்கள், வெட்கமென்ன? வலி விடாவிட்டால் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

மூன்று வாரத்தில் வலி குறைந்தது. வழக்கு தள்ளுபடி.

இப்போது புது வழக்கு: நாமக்கல் போய்க் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற வேண்டுமாம்! இந்தத் தடவை நடுவர் வேலையை உங்களிடமே ஒப்படைத்துவிடுகிறேன்.