பக்கத்தில் நின்றவன்



2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். கோட்டையின் ராஜகிரி மலை ஏறி மூச்சு வாங்க இறங்குகிறவர்கள், கல்யாண மகால் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். அருகிலுள்ள நீலாம்பூண்டிக்குப் போகிறவர்கள் அபூர்வம்.

1714 அக்டோபரில் கப்பப் பாக்கி கேட்டு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தபோது செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்குக்கு வயது 22. கையில் இருந்ததோ சில நூறு குதிரை வீரர்கள். அதே நேரம் அவன் தோழன் மகபத்கானுக்குக் கல்யாணம் நடக்கிறது; நாட்டுப்பாடகர்கள் வாயில் அவன் ‘மோவுத்துக்காரன்’. சண்டைச் சேதி வந்ததும் மணக்கோலத்தைக் களைந்துவிட்டுக் குதிரை ஏறுகிறான். எதிரே நின்ற நவாப் தன் மதத்துக்காரர் என்பது அவனைத் தடுக்கவில்லை. இருவருமே திரும்பவில்லை. தேசிங்குக்குச் சிதை மூட்டியது கோட்டைக்குள் செட்டிகுளக் கரையில். மோவுத்துக்காரன் அடக்கமானது நீலாம்பூண்டியில்.

இது அரசர் காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. இன்றும் ராணுவக் கமாண்டோக்கள் சிறு குழுவாகத்தான் காட்டுக்குள் போகிறார்கள். அங்கே ஒருவன் உயிர் மற்றவன் கையில். 2015 செப்டம்பரில் காஷ்மீரின் குப்வாரா காடு. 9 பாரா சிறப்புப் படையின் லான்ஸ் நாயக் மோகன் நாத் கோஸ்வாமி, குண்டடிபட்டுக் கிடந்த சகாக்களை மீட்கத் துப்பாக்கிச் சூட்டுக்குள்ளேயே பாய்ந்தார். தொடையில் குண்டு, பிறகு வயிற்றில். அவர்கள் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. அசோக சக்ரா வீட்டுக்கு வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, ஏப்ரல் 25. ஷோபியானில் 44 ராஷ்டிரிய ரைபிள்ஸின் மேஜர் முகுந்த் வரதராஜன் வீழ்ந்ததைத் தமிழ்நாடே அறியும். அவர் கதையைச் சொன்ன ‘அமரன்’ படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த நம்மில் எத்தனை பேருக்கு, அதே மோதலில் உயிர்விட்ட சிப்பாய் விக்ரம் சிங்கின் பெயர் உடனே நினைவுக்கு வரும்? அந்த வகையில் நம் தெருக்கூத்துக்காரர்களும் கதைப்பாடகர்களும் பெரியவர்கள். ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றவனை மறக்கவில்லை. தேசிங்கும் தோழனும் ஏறிய குதிரைகளுக்குக்கூடப் பெயர் சொல்லிப் பாடினார்கள். பத்திரிகைக்காரர்களான எங்களுக்கு அந்தப் பண்பு குறைவு. பதவி உயர உயரத்தான் எங்கள் தலைப்பெழுத்தும் பெரிதாகிறது.

செஞ்சிக்கு வருகிறவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி நீலாம்பூண்டிக்கும் போய்வாருங்கள். ராணுவத்தில் இருந்து திரும்பியவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், தம் பக்கத்தில் நின்ற தோழரைப் பற்றி அவர்களைப் பேசச் சொல்லி எழுதி அனுப்புங்கள். பதக்கம் வாங்கினாரா என்று கேட்க மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்